கனடாவிலிருந்து வந்த போத்தலும் அப்பாவின் பின்னேரக் குளிசையும்

கேள்வி:

நான் இணுவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. பன்னிரண்டு வருடமாகச் சலரோகம். காலையும் பின்னேரமும் மெட்போர்மின், காலையில் கிளிக்கிளசைட், பிரஷருக்கு இன்னொரு குளிசை. கிளினிக் நாள் தவறாமல் போய் வருகிறார். போன மாதம் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, ஊருக்கு வந்த ஒருவரிடம் கப்சூல் போத்தல் ஒன்று கொடுத்துவிட்டார். ‘சைக்ளோ ஹிஸ்-புரோ’ என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கிறது. சிங்க்கும் சேர்த்திருக்கிறார்கள். இது மனித உடம்பிலேயே இயற்கையாக உண்டாகும் பொருள், இறாலிலும் கருவாட்டிலும்கூட இருக்கிறது, சீனியைக் குறைக்கும், பக்கவிளைவு ஒன்றும் இல்லை என்று அண்ணா போனில் சொன்னார். அதைக் கேட்டதில் இருந்து அப்பா பின்னேரக் குளிசையை விட்டுவிட்டு இதை எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியவை நான்கு. இந்தப் பொருள் உண்மையில் என்ன? அப்பா இதை எடுக்கலாமா? எனக்குத் தைரொயிட் குறைவு, தைரொக்சின் போடுகிறேன். இது தைரொயிட் ஹோர்மோனோடு சம்பந்தப்பட்டது என்று எங்கோ வாசித்தேன், எனக்கு உதவுமா? இறாலில் இருக்கிறதென்றால் கருவாடு சாப்பிட்டாலே போதாதா? அண்ணா ஆசையாக அனுப்பியது. அவர் மனம் நோகாமல் என்ன சொல்வது என்பதும் தெரியவில்லை.

– இணுவில் வாசகி

பதில்:

முதலில் அவசரமான விஷயம். அப்பா பின்னேரக் குளிசையை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். போத்தலை அடுத்த கிளினிக் நாள் வரை திறக்காமல் வையுங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருப்பவை நல்ல கேள்விகள்; ‘அதெல்லாம் வேண்டாம்’ என்ற ஒரு வரிப் பதில் அவற்றுக்குப் போதாது. உங்கள் ஊருக்குப் பக்கத்து மானிப்பாயில் இருந்துதான் சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். இரசாயனத்தைக்கூட ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் தமிழ்ப் புத்தகமாக்கினார். நோயாளியின் வீட்டாருக்கு மருந்தின் இரசாயனத்தைத் தமிழில் சொன்னால் விளங்கும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் பழையது. நானும் அந்த நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

இது என்ன பொருள்?

நாம் சாப்பிடும் மீன், பருப்பு, முட்டை எல்லாவற்றிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட தொடர். இரண்டே இரண்டு அமினோ அமிலம் சேர்ந்தால் அது டைபெப்டைட். சாதாரண டைபெப்டைட்டுக்கு இரண்டு முனை உண்டு. அந்த இரண்டு முனையும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால் அது வளையமாகிவிடும். கழுத்துச் சங்கிலியின் கொளுக்கியைப் பூட்டினால் நுனி என்று ஒன்று இல்லாமல் போவதுபோலத்தான். புரதத்தைச் செரிக்கும் நொதியங்களில் பல, நுனியைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றுகிறவை. நுனியே இல்லாத வளையத்தை அவற்றால் எளிதில் உடைக்க முடியாது. அதனால்தான் இந்த வகைச் சிறு வளையங்கள் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போகக் கூடியவையாக இருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு இவற்றில் இவ்வளவு அக்கறை வந்ததற்கும் அதுவே பெரிய காரணம்.

வளைய டைபெப்டைட்டுகள் புதியவை அல்ல. ஜெர்மனிய இரசாயனவியலாளர் எமில் பிஷர் 1901இல் கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் வளையத்தை எடுத்து, அதன் ஒரு பிணைப்பை உடைத்துத்தான் ஆய்வுகூடத்தில் டைபெப்டைட் செய்து காட்டினார். கோப்பிக்கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் கசப்பில் ஒரு பங்கு, புரோலின் சேர்ந்த இத்தகைய வளையங்களால் வருவது. ஆகவே நாம் அறியாமலே இந்தக் குடும்பத்தை நாளாந்தம் குடித்தும் சாப்பிட்டும் வருகிறோம்.

உங்கள் போத்தலில் இருப்பது அந்தக் குடும்பத்தில் ஒன்று: ஹிஸ்டிடினும் புரோலினும் சேர்ந்த வளையம். மூளையில் இருந்தும் இரத்தத்தில் இருந்தும் இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ‘உடம்பிலேயே இருக்கிறது’ என்று அண்ணா சொன்னது சரி.

தைரொயிட்டோடு என்ன உறவு?

இது உங்கள் மூன்றாவது கேள்வி. இந்தப் பொருளின் பிறப்புக் கதை இதில்தான் இருப்பதால் இதை முன்னுக்குச் சொல்கிறேன்.

மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அங்கிருந்து வரும் டிஆர்எச் என்ற ஹோர்மோன் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி டிஎஸ்எச்சைச் சுரக்கிறது. டிஎஸ்எச் தைரொயிட்டைத் தூண்டுகிறது. உங்கள் இரத்தப் பரிசோதனைத் துண்டில் நீங்கள் பார்ப்பது அந்த டிஎஸ்எச்சைத்தான். டிஆர்எச் மூன்றே மூன்று அமினோ அமிலத்தால் ஆன பொருள். அதன் அமைப்பு 1969இல் தெரியவந்தது. ரோஜர் கில்லெமின், அன்ட்ரூ ஷாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனிக் குழுக்களாகப் போட்டிபோட்டு அதைக் கண்டறிந்தார்கள். கில்லெமின் செம்மறியாட்டு மூளைகளிலும் ஷாலி பன்றி மூளைகளிலும் தேடினார்கள். ஒரு மில்லிகிராம் டிஆர்எச்சுக்கு கில்லெமினுக்கு மூன்று லட்சம் ஆட்டின் ஹைப்போதலமஸ் தேவைப்பட்டது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

டிஆர்எச் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. நொதியங்கள் அதை வெட்டிவிடும். வெட்டிய துண்டுகளுக்கு என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் சந்தன் பிரசாத்தும் அலன் பீற்றர்கொவ்ஸ்கியும் 1970களின் நடுப்பகுதியில் தேடினார்கள். டிஆர்எச்சின் முதல் அமினோ அமிலம் கழன்றதும் மிஞ்சும் இரண்டும் நொதியத்தின் உதவி இல்லாமலே தாமாக வளைந்து வளையமாகிவிடுவதைக் கண்டார்கள். அதுதான் சைக்ளோ ஹிஸ்-புரோ. கழிவுத் துண்டு என்று எண்ணக்கூடிய அந்த வளையத்துக்கும் தனியாக வேலை இருப்பது சோதனை விலங்குகளில் தெரிந்தது. மதுவால் மயங்கிய விலங்குகளின் உறக்க நேரத்தை அது குறைத்தது. இந்த முடிவு 1977இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்த வளையம் எலிகளின் உடல் வெப்பத்தையும் குறைத்தது. அவை உண்ணும் அளவையும் குறைத்தது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹோர்மோனை அது அடக்குவதாகப் பிட்யூட்டரிக் கலங்களில் செய்த சோதனை ஒன்று காட்டியது; வேறு குழுக்கள் திருப்பிச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. பிறகு இன்னொரு புதிரும் வந்தது. டிஆர்எச் குறைவாக உள்ள இடங்களிலும் இந்த வளையம் இருந்தது. எனவே அது டிஆர்எச்சில் இருந்து மட்டும் வருவதல்ல, வேறு வழியாலும் உடம்புக்கு வந்து சேருகிறது என்று எண்ண வேண்டியதாயிற்று.

இனி உங்களுக்கு வேண்டிய பதில். டிஆர்எச் பிட்யூட்டரியைத் தூண்டுவதற்கு அதன் மூன்று அமினோ அமிலமும் வேண்டும். முதலாவது கழன்றுவிட்ட இந்த வளையத்துக்கு டிஎஸ்எச்சைச் சுரக்கச் செய்யும் ஆற்றல் இல்லை. தைரொயிட் ஹோர்மோனுக்கு இது எந்த விதத்திலும் மாற்றாகாது. உங்களுக்குத் தைரொயிட் சுரப்பியே குறைவாகச் சுரக்கிறது. அதற்குத் தேவை அந்த ஹோர்மோன்தான், தைரொக்சின் குளிசையில் இருப்பதும் அதுதான். அதை வெறும் வயிற்றில், காலைத் தேநீருக்கு அரை மணி நேரமாவது முன்னர் விழுங்குங்கள். கல்சியம், இரும்புக் குளிசை எடுப்பதாக இருந்தால் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அவை தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். தாதுப்பொருட்கள் கலந்த எந்தக் கப்சூலுக்கும் இதே இடைவெளியை வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்து முடி வளரவும் நகம் பலப்படவும் என்று வரும் போத்தல்களில் பயோட்டின் அதிக அளவில் இருக்கும். பயோட்டின் சில ஆய்வுகூட முறைகளில் தைரொயிட் பரிசோதனையைக் குழப்பி, டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. அந்தப் பொய்யான எண்ணை நம்பி உங்கள் தைரொக்சின் அளவைக் குறைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. இப்படியான போத்தல் ஏதும் வீட்டில் இருந்தால், இரத்தம் கொடுக்கும் முன் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சலரோகத்துக்கு உதவும் என்ற கதை எங்கிருந்து வந்தது?

அண்ணா சொன்னது முழுக்கக் கற்பனை அல்ல. அதன் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. எலியில் தொடங்கிய அந்த ஆய்வு மனிதருக்கான மருந்தாக இன்னும் முடியவில்லை என்பதையே அவர் விட்டுவிட்டார்.

கதை சிங்க்கில் தொடங்குகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் நாகம் என்று படித்தது அதுதான். கணையத்தின் பீற்றா கலங்கள் இன்சுலினைச் சேமித்து வைப்பதே சிங்க்கின் உதவியோடு. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு சிங்க் அயன்களைச் சுற்றி ஒன்றாகக் கட்டுப்பட்டு இருக்கும். எனவே சிங்க் உடம்பில் சரியாகச் சேர்ந்தால் சீனிக் கட்டுப்பாடு மேம்படுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. லொஸ் ஏஞ்சல்சில் மூன் சோங் என்பவரின் குழு விலங்குகளின் புரோஸ்டேட் சுரப்பிச் சாற்றை ஆராய்ந்தது. அந்தச் சுரப்பியில் சிங்க் மிக அதிகம். நாம் பேசும் வளையமும் அதில் உண்டு. சலரோகம் வரவைத்த எலிகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சீனி குறைந்தது. பிறகு சிங்க்கையும் வளையத்தையும் தனியாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் குறைந்தது. வளையம் சிங்க் கலங்களுக்குள் போக உதவுகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். பின்னர் தென்கொரிய நிறுவனம் ஒன்று இந்தக் கூட்டை மருந்தாக்கும் நோக்கத்தோடு மனிதர்களில் பரிசோதிக்கத் தொடங்கியது. வேறு ஆய்வுகளில், கலங்கள் தம்மைப் பாதுகாக்கும் சில பொறிமுறைகளை இந்த வளையம் முடுக்கிவிடுவதாக ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். நரம்பு நோய்கள் தொடர்பாகவும் அக்கறை உண்டு.

இவ்வளவும் மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அந்த எலிகளையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வகை எலிக்கு ஸ்ரெப்ரோசோரோசின் என்ற நஞ்சை ஏற்றிச் சில நாட்களில் பீற்றா கலங்களை அழித்துச் சலரோகம் வரவைக்கிறார்கள். இன்னொரு வகை, யப்பானில் சீனி கூடிய எலிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து உருவாக்கியது. அவை சில கிழமைகள் சோதனையில் இருக்கும். உங்கள் அப்பாவோ பன்னிரண்டு வருடம் சலரோகத்தோடு வாழ்ந்தவர், பிரஷர் உள்ளவர், மூன்று வகைக் குளிசை எடுப்பவர். எலியில் சீனி குறைந்தது என்பதில் இருந்து, அப்பாவுக்கு மாரடைப்பு வராது, கண் கெடாது, சிறுநீரகம் பழுதாகாது என்ற முடிவுக்குப் போக முடியாது. நமக்கு வேண்டியதோ அந்தப் பாதுகாப்புத்தான். சீனி எண் அதற்கான ஓர் அடையாளம் மட்டுமே.

‘கெமிக்கல்’ குளிசையின் பிறப்பு

அப்பா விடப் பார்க்கும் மெட்போர்மினும் ஒரு செடியில் இருந்து தொடங்கியதுதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியைப் பழைய காலத்தில் வைத்தியத்துக்குப் பயன்படுத்தினார்கள். அதில் உள்ள பொருட்கள் சீனியைக் குறைப்பது தெரிந்தது. ஆனால் அவை நேராக எடுத்தால் நஞ்சாகின. அதே குடும்பத்தில் இரசாயனவியலாளர்கள் செய்த பாதுகாப்பான பொருள்தான் மெட்போர்மின். பிரான்சில் ஜோன் ஸ்ரேர்ன் 1957இல் அதை மனிதர்களுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அதோடு முடியவில்லை. பிரித்தானியாவில் புதிதாகச் சலரோகம் கண்ட 5,000க்கும் மேற்பட்டவர்களை 1977இல் இருந்து சேர்த்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1998இல் முடிவு சொன்னார்கள். உடல் எடை கூடியவர்களில் மெட்போர்மின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு 39 வீதம் குறைந்திருந்தது. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது.

செடியில் பிறந்த ஒரு பொருள் மருந்தாக நிலைபெற இவ்வளவு காலம் போனது. எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது, நீண்ட காலம் எடுத்தால் என்ன குறையும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில்தான் தெரிந்தது. மெட்போர்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம் என்பதும், சிறுநீரகம் மிகவும் பலவீனமானால் அதை நிறுத்த வேண்டும் என்பதும் அப்படித் தெரிந்தவையே. அதனால்தான் கிளினிக்கில் இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள். சைக்ளோ ஹிஸ்-புரோவும் ஒருநாள் இந்தப் பாதையைக் கடந்து மருந்தாகலாம். அப்படி வந்தால் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுக்கும் முதல் ஆட்களில் நானும் இருப்பேன். இன்றைக்கு அது பாதையின் நடுவில் நிற்கிறது.

‘இயற்கை’ என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு பொருளை நம்பக் கூடாது என்பதற்கு இதே ஹிஸ்டிடினில் இருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டிடின் நிறைய உண்டு. மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்றீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடிக்கும். நன்றாகச் சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஒரே அமினோ அமிலம், முழுக்க முழுக்க இயற்கை வழி, முடிவு நோய். எந்தப் பொருள், எவ்வளவு, யாருடைய உடம்பில் என்று கேட்பதே சரியான கேள்வி.

போத்தலை எடுத்து லேபிளைப் பாருங்கள்

கனடாவில் இயற்கைச் சுகாதாரப் பொருட்களுக்கு 2004இல் இருந்து தனி ஒழுங்குவிதி உண்டு. அனுமதி பெற்ற பொருளின் லேபிளில் என்பிஎன் என்ற எழுத்துகளும் பக்கத்தில் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது அமெரிக்காவில் இருந்தோ வேறிடத்தில் இருந்தோ வாங்கியதாக இருக்கலாம். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படியான துணை உணவுகள் வேலை செய்கின்றன என்று விற்பனைக்கு முன் அரசுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. என்பிஎன் எண் இருந்தாலும்கூட, அது சலரோக மருந்துக்குச் சமம் என்று அர்த்தமில்லை.

அடுத்தது சிங்க்கின் அளவு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராமும் பெண்ணுக்கு 8 மில்லிகிராமும் போதும். சாப்பாடு, குளிசை எல்லாம் சேர்த்து 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட காலம் போகக் கூடாது. கூடினால் செம்பு உடம்பில் சேர்வது குறைந்து, இரத்தச்சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரலாம். லேபிளில் ஒரு கப்சூலுக்கு எவ்வளவு, நாளைக்கு எத்தனை கப்சூல் என்று இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். சில லேபிள்களில் பல பொருட்களைச் சேர்த்து மொத்த நிறையை மட்டும் போட்டிருப்பார்கள். அப்படியானால் எது எவ்வளவு உள்ளே போகிறது என்று டொக்டராலும் சொல்ல முடியாது. சிங்க் சில அன்ரிபயோற்றிக் குளிசைகள் குடலில் சேர்வதையும் தடுக்கும்.

அப்பாவுக்கு இருக்கும் நேரடி ஆபத்து இரண்டு பக்கத்தில் இருந்தும் வருகிறது. பின்னேர மெட்போர்மினை விட்டால் சீனி சத்தமில்லாமல் ஏறும். முதலில் உடம்பில் ஒன்றும் தெரியாது; ‘எனக்கு நல்ல சுகம்’ என்று அவரே சொல்வார். மாறாக, காலையில் கிளிக்கிளசைட்டும் எடுத்து, போத்தலில் லேபிளில் சொல்லாத வேறு ஏதாவது சீனி குறைக்கும் பொருளும் கலந்திருந்தால், சீனி திடீரென்று விழலாம். வியர்த்துக் கொட்டுதல், கைநடுக்கம், பசி, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

கருவாடு போதுமா?

1990களின் தொடக்கத்தில் பிரசாத்தின் குழு சாதாரண உணவுகளிலும் இந்த வளையத்தைத் தேடியது. பாண், நூடில்ஸ், பால், சூரை, இறால் என்று பலவற்றில் அது இருந்தது. இறால், மீன் வகைகளில் கூடுதலாக இருந்தது. வேறு வழியாலும் உடம்புக்கு வந்து சேருகிறது என்று முன்னர் சொன்ன புதிருக்கு இது ஒரு பதில். ஒடியல் கூழில் இறால் போடுகிற நம் வீடுகளில் இந்த வளையம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் உணவில் கிடைக்கும் அளவு வேறு, சோதனையில் மருந்தாகக் கொடுக்கும் அளவு வேறு. கருவாட்டைச் சலரோக மருந்தாக நினைத்துச் சாப்பிட்டால் இந்த வளையத்தோடு சேர்ந்து உள்ளே போவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது; அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பிரஷர் உள்ள அப்பாவுக்கு இந்த உப்பு மூளை இரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கருவாட்டுக் குழம்பை முற்றாக நிறுத்தச் சொல்லவில்லை. எப்போதாவது ஒருநாள், கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். குழம்பில் வேறு உப்புப் போடாதீர்கள். மற்ற நாட்களில் பச்சை மீன் வாங்குங்கள். இறாலும் நல்லதுதான், பொரிக்காமல் கறியாக.

கோப்பையில் உள்ள சோற்றின் அளவுதான் அப்பாவின் சீனியை அதிகம் தீர்மானிக்கிறது. குரக்கன் பிட்டோ சிவப்பரிசிச் சோறோ, எதுவானாலும் மாச்சத்துத்தான். குரக்கன் என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயனில்லை. கோப்பையில் பாதியை முருங்கையிலை வறை, பயற்றங்காய், கத்தரிக்காய், கீரைக்குக் கொடுங்கள். கால் பங்கு சோறு அல்லது பிட்டு. மீதிக் கால் பங்கு மீன் அல்லது பருப்பு. பின்னேரம் வெயில் தணிந்ததும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் போவதை விட்டு நடந்தே போனால் அதுவே போதும்.

இந்த எளிய விஷயங்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2005–06இல் இலங்கை முழுவதும் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 10 வீதத்தினருக்குச் சலரோகம் இருந்தது. 2018–19 ஆய்வில் அது ஏறக்குறைய 23 வீதமாகிவிட்டது. இரண்டும் ஒரே முறையில் எடுத்த கணக்குகள் அல்ல. ஆனாலும் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு. கால் இழந்தவர்களையும் டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பவர்களையும் நாம் எல்லோரும் அறிவோம். அவர்களில் பலர் மருந்து கிடைக்காதவர்கள் அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்த குளிசையை, யாரோ சொன்ன வேறொன்றை நம்பி இடையில் விட்டவர்கள். இந்தக் கவலைதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது.

அண்ணாவிடம் என்ன சொல்வது?

அண்ணாவின் அன்பில் குறை இல்லை. தூரத்தில் இருந்து தகப்பனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிற பிள்ளைகளைத்தான் இப்படியான போத்தல்களை விற்பவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். அவரிடம் இப்படிச் சொல்லலாம்: “அண்ணா, நீங்கள் அனுப்பியதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அது உண்மையில் ஆராய்ச்சியில் இருக்கிற பொருள்தான். ஆனால் அப்பாவின் குளிசைக்குப் பதிலாக எடுக்கும் அளவுக்கு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கிளினிக்கில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.” அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது என்பதை அவர் கேட்க வேண்டும்.

அதே காசில் அவர் அனுப்பக்கூடிய பயனுள்ளவை பல. வீட்டில் சீனி பார்க்கும் குளுக்கோமீற்றரும் அதற்கான ஸ்ரிப்களும் முதலாவது. ஸ்ரிப் முடிந்துவிடுவதால்தான் இங்கே பலர் வீட்டில் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மேற்கையில் கட்டிப் பார்க்கும் நல்ல பிரஷர் மெசின் இரண்டாவது. கால்விரலை நெருக்காத, அடிப்பாகம் மெத்தென்ற சப்பாத்து மூன்றாவது. சலரோகக் காலில் சின்னப் புண் வராமல் காப்பது எந்தக் கப்சூலையும்விடப் பெரிய உதவி. கிழமைக்கு ஒருமுறை வீடியோ அழைப்பில் அப்பாவின் சீனி எண்ணையும் பிரஷர் எண்ணையும் அண்ணா கேட்கட்டும். மகன் கேட்கிறான் என்றால் அப்பா ஒழுங்காகப் பார்ப்பார்.

அடுத்த கிளினிக் நாளில் போத்தலையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்துக் கொண்டு போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாக எடுத்த எச்பிஏ1சி என்ற சீனிப் பரிசோதனையின் எண் எவ்வளவு? சிறுநீரகப் பரிசோதனை எப்படி இருக்கிறது? இந்த வருடம் கண்ணும் காலும் பார்த்தாயிற்றா? மெட்போர்மின் வயிற்றைக் குழப்புவதால்தான் அப்பா அதை விடப் பார்க்கிறாரோ என்றும் அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பலர் அதை வெளியில் சொல்வதில்லை. அப்படியானால் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லலாம். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். அளவைப் படிப்படியாகக் கூட்டலாம். அதை டொக்டர் செய்துகொடுப்பார். அதுவரை பின்னேரக் குளிசையை நீங்களே எடுத்து, இராச் சாப்பாட்டோடு அப்பாவின் கையில் கொடுங்கள்.